வுப்பர்டாலில் ஒரு சேர மன்னன்

சேர வம்சம் அழிந்துவிட்டது என்று எழுதிவைத்த சரித்திர ஆசிரியர்கள், ஜேர்மனியின் வுப்பர்டாலில் என் மகன் பிறக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

அவனுக்குப் பெயர் நெடுஞ்சேரலாதன். என் மனைவி ஆதிரைக்கு நான்காம் மாதம் நடக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அந்த வாரமே அவள் வீட்டாரிடமிருந்து இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒஸ்லோவில் இருக்கும் அக்கா ஸ்கந்திநேவியப் பெயர்களாக அனுப்பியிருந்தாள்: பியோர்ன், லார்ஸ், சின்ட்ரே. கிளாஸ்கோவில் இருக்கும் அண்ணன் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர்களாக அனுப்பியிருந்தார்: றோறி, கலம், ஃபின்லே.

யாழ்ப்பாணத்தில் பிறந்த இரண்டு பேர், என் பிள்ளை எந்தக் குளிர்நாட்டுக்காரன் என்று வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறார்கள்.

ஆதிரை அதைவிட மோசம். திங்கள் பியோர்ன், செவ்வாய் றோறி.

“பியோர்ன் எண்டால் கரடியாம். றோறி, பூங்காவில நாயைக் கூப்பிட நல்லாயிருக்கும். பிள்ளை பெறப் போறியோ, பண்ணை வைக்கப் போறியோ?” என்றேன்.

“உங்கட சொந்தப் பேரையே இந்த ஊரில ஒருத்தர் முழுசாச் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் கதையுங்கோ.”

ஐந்து மாதம் கதைத்தேன். கடைசியில் களைத்துப்போய், உங்கட விருப்பம் என்று விட்டுவிட்டாள்.

காலை பத்தே காலுக்கு அவன் வந்தான்.

அழவில்லை.

நிறமும் சரியில்லை. மருத்துவிச்சி அவனைத் துவாயில் சுற்றி, சுவரோரத்து மேசைக்குக் கொண்டுபோய் முதுகைத் தேய்த்தாள். இன்னொருத்தி ஓடி வந்தாள். இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் யாரும் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை.

“இஞ்சருங்கோ, ஏன் பிள்ளை அழேல்லை?” கட்டிலிலிருந்து ஆதிரை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவிச்சி தேய்ப்பதை நிறுத்தாமல் ஜேர்மனில் சொன்னாள்: அப்பா, உங்கள் குரல் அவனுக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வாயைத் திறந்தேன். ‘நெடு’ வந்தது. மிச்ச ஆறு எழுத்துக்கு என்னிடம் மூச்சு இல்லை.

திரும்பவும் ‘நெடு’.

அவனுடைய கை துவாயிலிருந்து வழுகித் தொங்கியது.

பிறகு வேறு ஏதோ சொல்லிக் கத்தினேன். மூன்று தரமோ, நான்கு தரமோ.

முகத்தைச் சுளித்தான். இருமினான். அந்த அறை, அந்த மாடி, எல்லாவற்றுக்கும் கேட்க அழுதான்.

ஒருத்தி கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து என்னை இருத்தினாள்.

பின்னேரம் ஆதிரை நித்திரையாகிவிட்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தொட்டிலுக்குள் குனிந்து, காலையில் கத்திய அதே பெயரை, ஒஸ்லோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் கேட்காதபடி, அவன் காதுக்குள் சொன்னேன்.

“றோறி. அப்பா இஞ்சைதான் நிக்கிறன், ராசா.”