யார் பக்கத்துச் சர்க்கரை?

"சர்க்கரை கூடியிருக்கு. கர்ப்ப காலத்துல சிலருக்கு வர்றதுதான், பயப்படாதீங்க. குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" நர்ஸ் படிவத்தில் பேனாவை வைத்தாள்.

மருமகள் வாய் திறப்பதற்கு முன்னால் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பதினெட்டு வருஷமா இருக்கு. ஆனா அது டென்ஷன்ல வந்தது. எங்க பரம்பரையில கிடையாது."

"உங்களுது இதுல சேராதும்மா. பொண்ணோட அம்மா அப்பா பக்கம் கேக்கறேன்."

எல்லோரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"இருக்கு. எனக்குத்தான். பத்து வருஷமா."

"அம்மா! என்கிட்ட சொல்லவே இல்லையே?" மருமகள் பதறினாள்.

"பெத்த பொண்ணுகிட்டயே சொல்லாதவங்க, நம்மகிட்டயா சொல்லப்போறாங்க?" மாமியார் நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "பொண்ணு பேச வந்தப்போ, 'எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது'ன்னாங்க. நாங்களும் நம்பி வாயைப் பிளந்துகிட்டு கேட்டோம்."

நர்ஸ் மருமகளைச் சாப்பாட்டு அட்டவணை எழுதித் தரும் அறைக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் சம்பந்திகள் இருவர் மட்டும். மாமியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"எந்த மாத்திரை போடறீங்க சம்பந்தி?"

"அது... வெள்ளை மாத்திரை."

"எல்லாமே வெள்ளைதான். எப்பப்போ போடுவீங்க?"

"தலை சுத்தறப்போ போட்டுக்குவேன்."

பதினெட்டு வருஷ அனுபவம் பொங்கி எழுந்தது.

"சர்க்கரை இறங்கித் தலை சுத்தினா நாங்க மிட்டாயைத் தேடி ஓடுவோம். நீங்க மாத்திரை போடுவீங்களாக்கும்! உங்களுக்குச் சர்க்கரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எதுக்கு இந்தப் பொய்?"

சம்பந்தியம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அவளை நான் கையில வாங்கினப்போ ஒன்பது நாள் குழந்தை. பெத்தவங்க யாரு, என்னன்னு தெரியாது. இது அவளுக்கே தெரியாது. 'தெரியாது'ன்னு நர்ஸ்கிட்ட சொன்னா, ஏம்மான்னு பொண்ணு கேப்பா. 'இல்ல'ன்னு சொல்லி, டாக்டர் அசட்டையா விட்டுட்டா? அதான், இருக்குன்னே சொல்லிட்டேன்."

சம்பந்தி வீட்டில் மாமியார் மூன்று வருஷமாகத் தேடியும் கிடைக்காத பெரிய குறை, இப்போது தானாக வந்து மடியில் விழுந்திருந்தது.

கதவு திறந்தது. மருமகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா ஏன் அழறா? அத்தை, என்ன சொன்னீங்க அவளை?"

மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என்னத்தைச் சொல்லிட்டேன்? அந்த மூக்கும் பிடிவாதமும் வந்த மாதிரி, சர்க்கரையும் உங்கம்மாகிட்டேருந்துதான் உனக்கு வந்திருக்குன்னு சொன்னேன். அதுக்கு ஒரு அழுகை!"