மொட்டை மாடி வாடாமல்லி

“என் செடியைத் தன் செடின்னு சொல்லிக்கிறாங்க. எவ்வளவு தைரியம் பாருங்க!”

ரேணுகா செல்போனைக் கணவன் சரவணக்குமாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அம்பத்தூரில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். பழைய பெயின்ட் வாளியில் ஊதா நிற வாடாமல்லி. கீழே, ‘ரோஷினி கண்ணு, உன் செடி இன்னிக்கும் பூத்திருக்கு’ என்று ஒரு வரி. அனுப்பியவர் தரைத்தளத்து வசந்தகுமாரி. மகளுக்கு அனுப்ப வேண்டியதைத் தவறிப்போய்க் குழுவில் போட்டிருந்தார்.

“பூவையா பறிச்சாங்க? படம்தானே எடுத்தாங்க. விடேன்.”

“வளர்த்தவளுக்குத்தான் தெரியும்!”

அந்த வாளி ரேணுகாவுடையது. காய்ந்த பூவை உதிர்த்து அவளே விதைத்தது. லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட சித்திரையிலும், ரெண்டு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீரில் பிழைத்துக் கிடந்த செடி.

மறுநாள் காலை மொட்டை மாடியில் காத்திருந்தாள். வசந்தகுமாரி சுவரைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க ஏறி வந்தார். நேரே வாளிக்குப் போய்ப் போனை நீட்டினார்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

திரும்பிய வசந்தகுமாரியின் முகம் வெளிறிப் போனது.

“ரோஷினி ஜெர்மனி போறதுக்கு முன்னாடி எங்க பால்கனியில விதை போட்டுட்டுப் போனாம்மா. ‘தண்ணி அதிகம் ஊத்தாதே’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. எனக்கு மனசு கேட்கலை. அவளுக்கே சோறு போடற மாதிரி மூணு வேளையும் ஊத்தினேன். மொட்டு விடறதுக்கு முன்னாடியே வேர் அழுகிப் போச்சு. அவளோ தினமும் போட்டோ கேட்கிறா. அங்க தனியா கிடக்கிற பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்?”

ரேணுகாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. காய்ந்த பூ ஒன்றைக் கிள்ளிக் கசக்கி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்தப் பஞ்சுக்குள்ளதான் விதை இருக்கு. தூவி, மேல லேசா மண்ணு போடுங்க. செடி வேர் பிடிச்சதும் தண்ணியைக் குறைச்சிடுங்க. இனிமே உங்க வீட்டுப் பூவையே அனுப்பலாம். இத்தனை படி ஏறவும் வேணாம்.”

வசந்தகுமாரி கையை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே ரோஷினியிடமிருந்து போன்.

“அம்மாகிட்ட உங்க நம்பர் வாங்கினேன்க்கா. நீங்க விதை குடுத்ததா மட்டும் சொன்னாங்க. பால்கனியில போட வேணாம்னு சொல்லிடுங்க, ப்ளீஸ். வெயில் பத்தாது, அது இதுன்னு ஏதாவது சொல்லுங்க.”

ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. “ஏம்மா, அவங்க உனக்காகத்தானே…”

“தெரியும்க்கா. நான் போட்டது வெள்ளை வாடாமல்லி. அம்மா அனுப்புறதெல்லாம் ஊதா, அதுவும் மொட்டை மாடியில எடுத்தது.”

“தெரிஞ்சுமா தினம் போட்டோ கேட்கிறே?”



“அப்பா போனதிலிருந்து அம்மா வாசலைத் தாண்டினதில்லைக்கா. வீடியோ கால்ல முகமும் காட்டுறதில்லை. பூவைக் கேட்டால்தான் மாடிக்காவது வர்றாங்க. காலை வெயில்ல அந்தப் பூ மேல அவங்க நிழல் விழும். நான் அதைத்தான் பார்க்கிறேன்.”