டிரம்மில் செத்த எட்டுக்கால் பூச்சி

தண்ணீர் டிரம்மில் இன்றைக்கும் ஓர் எட்டுக்கால் பூச்சி காலைச் சுருட்டிக்கொண்டு செத்து மிதந்தது. மொக்கம்மாளுக்குக் குமட்டியது. ராசிங்காபுரத்திலிருந்து இந்த ஏலத்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்தே அவளுக்குக் குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்பதில்லை.

"ஏய்யா, இந்தக் கருமம் விழுந்த தண்ணியத்தான தெனமும் குடிக்கிறோம். இதோட வெஷந்தான் எனக்கு இப்படிக் கொடலப் பெரட்டுது."

அவள் புருஷன் ஒச்சப்பன் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் போட்டுக் காட்டினான்.

"இது கூரையில வலை கட்டுற பூச்சி புள்ள. காலு நூலாட்டம் இருக்கு பாரு. வெஷப்பூச்சின்னா தடியா, ஒடம்பு பூரா முடியா, பொந்துக்குள்ள கெடக்கும். ஒனக்கு அருவருப்புலதான் கொமட்டுது."

"த்தூ, அதக் கீழ போடுய்யா. பக்கத்து வீட்டு மண்பானைத் தண்ணியிலயுந்தான் விழுது. அங்க உசுரோட ஏறிப் போறது இங்க மட்டும் ஏன் சாகுது?"

ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அவளிடம் நீட்டினான்.

"பானையும் இதுவும் ஒண்ணா? எத்தாந்தண்டி டிரம்மு. ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து இதுலதான் வந்தது. கங்காணிகிட்டக் கெஞ்சி வாங்கி, நல்லா அலசித்தான் வச்சிருக்கேன். வெஷமெல்லாம் இல்ல, குடி."