இரண்டு பைக், ஒரு கூடாரம்

'நியாயஸ்தர்' என்று நண்பர்கள் அழைக்கும் அவர், அநியாயத்தைக் கண்டால் அதிகாரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அவரும் மனைவியும் ஆளுக்கொரு பைக்கில் வனப்பூங்காவில் இரவு தங்க வந்திருந்தனர்.

"எங்களுக்கு ஒரே கூடாரம், ஆனா ரெண்டு கட்டணம். பத்துப் பேர் வந்த வேனுக்கு ஒண்ணுதானா?"

"வண்டிக் கணக்கு சார்," என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

"கிடைச்சதே ஒரு ராத்திரி. அதையும் வாசல்லயே கழிச்சிடாதீங்க," என்றாள் மனைவி.

பணி முடிந்து நடந்து வந்த பூங்கா அதிகாரியை அவர் மறித்தார். "இந்த விதியைப் போட்ட மகராசன் யாருங்க?"

"நான்தாங்க. அப்போ கார் வச்சிருந்தேன்."

"இப்போ மாத்தலாமே?"

"மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சுபோச்சு. தினமும் கட்டணம் கட்டி மாளுமா எனக்கு?" என்ற அதிகாரி, வாயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்ற தம் பைக்கைக் கிளப்பிச் சென்றார்.

நியாயஸ்தர் கூடாரத்தைத் தோளில் ஏற்றினார்.

"அந்த இடத்துல நம்ம வண்டிகளை நிறுத்திட்டு நடந்தே போயிடலாம்," என்றார் மனைவியிடம்.