கண்ணாமூச்சிக் குழி

எங்கள் கிரெய்க்நெஸ் கோல்ஃப் மைதானத்தில் யாருக்கு எந்தக் குழி பிடிக்கும் என்று கேட்டால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பாதிரியாருக்குப் பதினொன்றாவது. கடலை ஒட்டியது. பந்து தண்ணீரில் விழும்போது அவர் என்ன சொல்கிறார் என்பது அலைச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. எனக்கு ஒன்பதாவது. நேர்கோடு, வம்பு வழக்கு கிடையாது. வாத்தியாராக இருந்து விதிமுறைக் குழுவுக்கும் வந்தவனுக்கு வேறு எது பிடிக்கும்?

லாக்லன் பேர்டுக்கு ஆறாவது. அதற்குக் கண்ணாமூச்சி என்று பெயர். நடுவில் ஒரு மணல்மேடு. இந்தப் பக்கம் நின்று அடிக்க வேண்டும். கொடியும் குழியும் அந்தப் பக்கம். பந்து எங்கே போனது என்று மேடேறிப் பார்த்தால்தான் தெரியும். மைதானத்தை அமைத்தவர் மகா குறும்புக்காரர்.

அந்தக் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டுவிட வேண்டும் என்பது லாக்லனின் வாழ்நாள் ஆசை. அடுத்த வாரம் மகளோடு கனடாவுக்கே குடிபோகிறார். அந்தச் சனிக்கிழமை அவருக்கு இங்கே கடைசி ஆட்டம். கூட ஆடியவர் டூகல் ரெனி, ஊரறிந்த கஞ்சன்.

அவர்களுக்கு முன்னால் நான் ஆறாவதை முடித்தேன். பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம் என்பதற்கு அடையாளமாக, வழக்கப்படி அங்கிருக்கும் மணியை அடித்துவிட்டு ஏழாவது குழிக்கான ஆட்டம் தொடங்கும் மேட்டில் ஏறினேன். ஒரு ஷூவைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே கண்ணாமூச்சிக் குழி நன்றாகத் தெரிந்தது.

இரண்டு பந்துகள் மேட்டைத் தாண்டி வந்தன. ஒன்று குழிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. இன்னொன்று இரண்டு துள்ளுத் துள்ளி உள்ளேயே போய்விட்டது. நான் ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றுவிட்டேன்.

முதலில் வந்தவர் டூகல். லாக்லனுக்கு இடுப்பு வலி, மெதுவாகத்தான் ஏறுவார். டூகல் குனிந்து குழியிலிருந்த பந்தை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், மேலே மட்டும் பார்க்கவில்லை. பந்தைச் சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே அடியில் போட்டவர் அன்றைக்குக் கிளப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் விஸ்கி வாங்கித் தர வேண்டும். சனிக்கிழமை என்றால் கிளப் நிரம்பி வழியும். அதற்குப் பயந்து, வாழ்க்கையில் ஒரு தடவை வந்த அதிர்ஷ்டத்தையே மனுஷன் முழுங்கிவிட்டார். மேற்கொண்டு பார்க்கப் பிடிக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு நகர்ந்தேன். அந்த எரிச்சலில் என் அடுத்த அடியும் புதருக்குள் போனது.

டூகலை அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிடுவது என்ற முடிவோடு கிளப்பில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. லாக்லன் கைத்தடியைத் தரையில் ஊன்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். தூக்கிப் பிடித்த கையில் ஒரு பந்து. அதில் அவர் எப்போதும் போடும் சிவப்பு மீன் அடையாளம்.

"விழுந்துடுச்சு," என்றார்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள். மூச்சு வாங்கியபடி கதையைச் சொன்னார். அவர் மேடேறி இறங்கும்போது டூகல் முட்புதரில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"என் பந்தையும் காணோம். எதுக்கும் குழியை எட்டிப் பாருடான்னு இவன்தான் சொன்னான். பாத்தா, உள்ள உக்காந்திருக்கு. பாவம், இவன் பந்துதான் கடைசி வரைக்கும் கிடைக்கல."

டூகல் அதற்குள் இருப்பதிலேயே பழைய விஸ்கியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் பெரிய அளவில். அடுத்தவன் செலவு என்றால் கருமிக்குத் தொண்டை எப்படி விரிகிறது பார் என்று யாரோ சொல்ல, டூகலும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குழியில் விழுந்தது ஒரே பந்து. அது டூகலின் பாக்கெட்டில் இருக்கிறது.

கிளப் தலைவி ஐலீன் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, ஒரே அடியில போட்டவர்னு சுவர்ல பேர் எழுதணும்னா பந்து விழுந்ததைப் பாத்த சாட்சி வேணும். நீங்க கொண்டுவந்த விதிதான்."

லாக்லனின் முகம் சுருங்கியது. "அந்தக் குழியில யாரும்மா பாத்திருக்க முடியும்?"

டூகலின் கிளாஸ் உதட்டருகே அப்படியே நின்றது. மூலையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடிக்கும் முன்பே மட்டை மணலில் பட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவளையே போட்டியிலிருந்து விலக்கி, ஒரு வாரம் ஆறிப்போன சூப் குடித்தவன் நான்.

"நான் பாத்தேன்," என்றேன். "ஏழாவது மேட்டுல நின்னுட்டிருந்தேன். ரெண்டு துள்ளுத் துள்ளி உள்ள போச்சு. லாக்லன் பந்துதான்."

கூரை அதிர்ந்தது. லாக்லன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். என் மனைவி மட்டும் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சந்தடி அடங்கியதும் டூகல் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எது வரைக்கும் பாத்தீங்க, வாத்தியாரே?"

"உங்க பாக்கெட் வரைக்கும்."

ஒரு வாய் குடித்தார். "வெளிய சொல்லிடாதீங்க. கஞ்சன்னு பேர் இருக்குல்ல, அதுவே எனக்குப் போதும்."

"வாழ்க்கையில ஒரே தடவை விழுந்தது, டூகல். அதையா விட்டுக்கொடுத்தீங்க?"

அவர் லாக்லனைப் பார்த்தபடி சொன்னார். "அந்தக் குழியைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவன்தான் ஆயுசு பூரா அதைக் கட்டிக்கிட்டு அழுதான். கடைசி நாள்ல என் பந்து போய் அதுல உக்காந்தா, நீங்களே சொல்லுங்க, அது நியாயமா?"