இடப்பக்கம்

சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போகும் நடை காட்டுப் பாதையைப் போல ஓராள் அகலம்தான். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கணவர் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து அதில் ஊர்ந்துகொண்டிருக்கிறார். பின்னால் ஈரத்துணிக் கூடையோடு மனைவி. கூடையிலிருந்து சொட்டும் நீரில் காலை வெயில் மினுங்குகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் வாயிலிருந்து, "இடப்பக்கம்!" என்று குரல் பாய்கிறது. மலைப்பாதை ஓட்டத்தில் இடப்பக்கமாக முந்த வருகிறவர்கள் வழி கேட்டுப் போடும் குரல் அது. அவரும் பழக்கத்தில் சட்டென்று வலப்புறம் ஒதுங்க, வாக்கர் சுவரில் டங்கென்று இடிக்கிறது. அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். இத்தனை வருட ஓட்டத்தில் அவரிடம் அவள் சொல்ல வாய்க்காத சொல். எந்த மலையிலும் அவர்தான் முன்னால். "அடேங்கப்பா, கடைசியில முந்திட்டியே! போம்மா, வழி விட்டாச்சு" என்று சிரிக்கிறார். அவர் போட்டிருக்கும் பழைய பந்தயப் பனியனின் முதுகில் எண் பாதி உதிர்ந்திருக்கிறது. மழையிலும் சேற்றிலும் அவள் கண் வைத்து ஓடிய எண். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள். "நீங்களே முன்னால போங்க. எனக்கு இந்த முதுகைப் பாத்துத்தான் ஓடத் தெரியும்." அவர் வாக்கரை நேராக்குகிறார். டக், டக்கென்று அதன் சத்தம் வேகம் பிடிக்கிறது.