தட்டில் வளரும் கண்

"என் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவி மாடியேறி வந்து, ஆய்வுக்கூட வாசலில் நின்று கேட்டார் தையல்காரம்மா. கீழே கண் டாக்டரிடம் காட்ட வரும்போதெல்லாம் இதே கேள்விதான்.

"ஜோரா வளருதும்மா," என்றாள் பிடிவாதம். வீட்டில் வைத்த பேர் வேறு. ஆய்வுக்கூடத்தில் அப்படிச் சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

அந்தம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனதும் கூட வேலை செய்யும் தோழி பிடித்துக்கொண்டாள்.

"வாய் கூசாம பொய் சொல்றியே. போன வாரம்தானே எல்லாம் செத்துப்போச்சு?"

செத்தது நிஜம். தையல்காரம்மாவின் ரத்தத்திலிருந்து, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களை உருவாக்கி, தட்டில் விழித்திரையை வளர்த்தாகிவிட்டது. அதற்குக் காவல்தான் இல்லை. நம் கண்ணுக்குள் குப்பையை அள்ளி, கிருமியை விரட்டுகிற காவல் செல்கள் உண்டு. அவற்றையும் அதே ஸ்டெம் செல்களிலிருந்து தனியாக வளர்த்து உள்ளே விட வேண்டும். விட்டால், சொல்லி வைத்த மாதிரி செத்துத் தொலைந்தன.

அவை நிலைத்தால், அந்தம்மாவின் பார்வையைப் பறித்த நோய் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்கலாம். பார்வை கொடுப்பதெல்லாம் அதற்கும் எங்கேயோ அப்பால்.

"இது உங்க கண்ணுக்கு உதவாதுன்னு சொல்லிடேன். ஆசை காட்டி மோசம் பண்றது பாவம்டி."

"மனசு வரலடி."

ஆய்வுக்கூடத் தலைவர் வேறு கறாராகச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை செத்தால் இந்த வேலைக்கே மூடுவிழா.

பிடிவாதம் விடுவாளா? காவல் செல்கள் முற்றிய பிறகு விட்டதுதான் தப்போ என்று யோசித்தாள். இந்த முறை அவை இளசாக இருக்கும்போதே, விழித்திரையும் பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே விட்டாள். சோறு தண்ணி மறந்து காத்திருந்தாள்.

ஒரு நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காவல் செல்கள் கிளை விரித்து, செத்த செல்களை மும்முரமாக விழுங்கிக்கொண்டிருந்தன. தலைவரே எழுந்து வந்து பார்த்துவிட்டு, "நடத்து" என்றார்.

சந்தோஷத்தை விட அந்தப் பொய்தான் இப்போது அவளை உறுத்தியது.

அடுத்த முறை தையல்காரம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

"இப்ப நிஜமாவே நல்லா இருக்கும்மா. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய். ஆனா இதனால உங்களுக்குப் பார்வை வராது. மன்னிச்சிடுங்க."

"அதான் ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏம்மா ஒவ்வொரு தடவையும் இவ்வளவு கஷ்டப்பட்டு மாடியேறி வந்து கேட்டீங்க?"

"ஜோரா வளருதுன்னு நீ சொல்ற குரல்லயே தெரிஞ்சுபோச்சு, ஒண்ணும் வளரலைன்னு. நான் கேக்கறதை நிறுத்திட்டா, நீ வளர்க்கறதை நிறுத்திடுவியேம்மா."